தண்ணீருக்குள் இறங்காத சத்தம்

முழ நீளத்துக்கு வெட்டிய ஸ்கூட்டர் டியூப் அது. ஒரு முனையைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தோம். உள்ளே அரைப் படி விளக்கெண்ணெய். எண்ணெய்க்குள், செத்துப்போன டிரான்சிஸ்டர் ஒன்றிலிருந்து பிடுங்கிய சின்ன ஸ்பீக்கர். மறுமுனையிலிருந்து கறுப்பு ஒயர் ஒன்று எலிவால்போல நீண்டு தொங்கியது. மச்சான் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிறந்து ஒரு நாளான பிள்ளையை வாங்குகிற மாதிரி, கழுத்து மடங்கிவிடப் போகிறதே என்கிற கவனத்தோடு வாங்கினார். எண்ணெய் சொட்டி அவருடைய இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வட்டமாகப் பரவியது. அதை அவர் பார்க்கவில்லை. "இதுதான் காதா மாப்ள?" என்று கேட்டார். கடற்படைத் தளபதியின் முகத்தை வைத்துக்கொண்டு ஆமாம் என்றேன். அந்த முகத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே ஓர் அறை விடலாம்போல இருக்கிறது.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலையில் சின்னச் சின்னப் பாசன ஏரிகளைப் பார்த்துக்கொள்ளும் ஓவர்சியராக இருந்தார். மலை ஊர்களுக்கெல்லாம் நடந்தே போவார். சாயங்காலம் திரும்பும்போதும் சட்டையின் மடிப்பு கலையாமல் இருக்கும். அதிகம் பேச மாட்டார். சொன்னதைச் செய்துவிடுவார். எல்லாவற்றையும்விட அவரிடம் ஓர் ஆபத்தான குணம் இருந்தது. யார் எதைச் சொன்னாலும், சொல்கிறவன் யோசித்துத்தான் சொல்கிறான் என்று நம்புவார். அவர் காலமாகி இரண்டு வருடமாகிறது. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் அவருடைய நேர்மையைப் பற்றிப் பேசினார்கள். நான் ஒரு மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கைக் குணம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று ஒரு தடவை ஏறி நின்றே சோதித்துப் பார்த்தவன், அந்தக் கூட்டத்தில் நான் ஒருவன்தான்.

கதை கடலில் ஆரம்பிக்கிறது. நான் ஏழு வருடம் கடற்படையில் சோனார் கருவியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன், பெரிய விஷயமில்லை. தண்ணீருக்குள் கண் உதவாது. கொஞ்ச தூரத்திலேயே வெளிச்சம் செத்துவிடும். சத்தத்துக்கோ தண்ணீர் என்றால் கொண்டாட்டம். காற்றில் ஓடுவதைப்போல நாலு மடங்குக்கும் மேலான வேகத்தில் தண்ணீரில் ஓடும், களைக்காமல் வெகுதூரம் போகும். அதனால் கப்பலின் அடியிலிருந்து தண்ணீருக்குள் ஒரு கூவல் விடுவார்கள். அது எதிலாவது முட்டித் திரும்பும். போய்வர ஆன நேரத்தைக் கணக்குப் பண்ணினால் முட்டிய பொருளின் தூரம் கிடைத்துவிடும். இன்னொரு வழியும் உண்டு. நாம் கூவாமல், எதிராளி போடும் சத்தத்தை மட்டும் கம்மென்று உட்கார்ந்து கேட்பது. இரண்டுக்கும் வேண்டியது நல்ல காதும் நிதானமான மனசும். எனக்கு முதலாவது இருந்தது.

இரண்டாவது இல்லை என்பது ஒரு பயிற்சியின்போது தெரிந்தது. பெரிதாக ஓர் எதிரொலி வந்தது. நீர்மூழ்கி, நீர்மூழ்கி என்று கத்திவிட்டேன். கப்பலே திரும்பியது. வந்தது மத்தி மீன் கூட்டம். மீன் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப் பை சத்தத்தை அப்படியே திருப்பி அடிக்கும் என்று பாடத்தில் படித்து, பரீட்சையில் எழுதி, மார்க்கும் வாங்கியவன் நான். மேலதிகாரி தோளில் தட்டி, மதியச் சாப்பாட்டைக் கண்டுபிடித்ததற்கு நன்றி என்றார். கடற்படையை விட்டு வந்து கல்யாணம் ஆனபோது, பெண் வீட்டார் முன்னால் இதே கதையைச் சொன்னேன். சொல்லும்போது மத்தி மீனை எடுத்துவிட்டு நீர்மூழ்கியை வைத்துவிட்டேன். எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். மச்சான் மட்டும் வாயைப் பிளக்கவில்லை. யோசனையாகத் தலையை ஆட்டினார். அவர் மனசில் அப்போதே ஓர் ஏரி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

அந்த ஏரி மலைமேல், நாற்பது வீடு இருக்கும் ஊரின் தலைமாட்டில் இருந்தது. மேட்டில் சாமை போட்டார்கள். ஏரிக்குக் கீழே இருந்த கொஞ்ச நிலத்தில் மட்டும் நெல். மழைக்கு ஏரி நிறையும். நிறைந்த வேகத்திலேயே இறங்கவும் செய்யும். கரையில் எங்கேயோ ஓட்டை. கரைக்கு அந்தப் பக்கம் ஒரே இடமாக ஊற்று வந்திருந்தால் கண்டுபிடித்திருப்பார்கள். ஆனால் தண்ணீர் அடிவாரம் முழுக்கக் கசிந்து, எல்லா இடமும் சொதசொதவென்று கிடந்தது. ஓட்டை எங்கே ஆரம்பிக்கிறது என்று யாருக்கும் பிடிபடவில்லை. கசிகிற கரை ஒருநாள் ஊர்மேலேயே விழும் என்று மேலிடத்தில் பயந்தார்கள். வெள்ளிக்கிழமை பெரிய இன்ஜினீயர் வருகிறார். அதற்குள் ஓட்டையைக் காட்டினால் அடைக்க உத்தரவு. காட்டாவிட்டால் கரையை வெட்டித் தண்ணீரை விட்டுவிட்டு, ஏரியைக் கணக்கிலிருந்து எடுத்துவிட உத்தரவு. மச்சான் ஊர்க்காரர்களிடம், காட்டிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு போளூரில் எங்கள் வீட்டுக்கு வந்து, காபி ஆறிப்போகும் வரைக்கும் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு, கடலுக்கு அடியில் இருக்கும் கப்பலைக் கேட்கத் தெரிந்தவனுக்கு ஏரிக்கு அடியில் தண்ணீர் போவது கேட்காதா என்று கேட்டார்.

கேட்கும் என்றேன். பொய்யில்லை. ஓட்டைக்குள் தண்ணீர் நுழையும்போது சீறும். அந்தச் சீறல் தண்ணீருக்குள் நன்றாகப் பரவும். பொய், நான் அதைச் சொன்ன தோரணையில் இருந்தது.

கடற்படைக் கருவிக்கு எங்கே போவது? போளூரில் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மைக் செட் வாடகைக்கு விடுகிறவரைப் பிடித்தோம். ஸ்பீக்கரைத் திருப்பி மாட்டினால் அதுவே மைக்காகும் என்பது அவருக்கும் தெரியும். அதை எதற்கு எண்ணெயில் போடுகிறாய் என்றுதான் அவருக்கு வயிற்றெரிச்சல். விளக்கினேன். காற்றுக்கும் தண்ணீருக்கும் நடுவில் சத்தத்துக்கு ஒரு சுவர் இருக்கிறது. தண்ணீரில் ஓடிவரும் சத்தம் காற்றைக் கண்டால் திரும்பிவிடும். காற்றில் வரும் சத்தமும் தண்ணீரின் மேல் பட்டுத் தெறித்துவிடும், உள்ளே போவது கொசுறுதான். டியூபுக்குள் காற்று இருந்தால் ஏரியின் சத்தம் அதன் தோலோடு நின்றுவிடும். எண்ணெய், சத்தத்தின் கணக்கில் தண்ணீருக்குப் பங்காளி, உள்ளே விட்டுவிடும். மைக் செட்காரர் காதைக் குடைந்துகொண்டே முழுவதையும் கேட்டார். எவ்வளவு கவனமாகக் கேட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

புதன்கிழமை காலை மைக் செட்காரரையும் கூட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தோம். இரண்டு லாரி டியூபின் மேல் பலகை கட்டித் தெப்பம் தயாராக இருந்தது. மின்சாரம் இல்லாத ஊர் என்பதால் லாரி பேட்டரி ஒன்றையும் ஆம்ப்ளிஃபயரையும் தெப்பத்தில் ஏற்றினோம். கரையில் ஊரே நின்றது. மச்சான் ஊர்ப் பெரியவரைத் தனியே கூப்பிட்டு, மாப்பிள்ளை கேட்கும்போது சத்தம் ஆகாது, யாரும் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டார். யார் சொல்லி இவர் சொன்னார் என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் சொல்லவில்லை. அவராகவே, பொறுப்பாக நினைத்துச் செய்தது.

அந்த ஊர் ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்ட விதத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பேச்சு நின்றது. இருமலை முந்தானைக்குள் இருமினார்கள். மாடுகளின் கழுத்து மணிக்குள் புல்லைத் திணித்து நாக்கைக் கட்டினார்கள். நாய்களை ஒருவர் ஓட்டிக்கொண்டு மேட்டுக்கு அந்தப் பக்கம் போனார். அழுத பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கண்ணுக்குத் தெரிந்த மலை முழுக்க எனக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

அதில் ஒன்றுக்கும் அவசியமில்லை. கரைமேல் நின்று பேசினாலும் பாடினாலும் சண்டை போட்டாலும் அது தண்ணீருக்குள் இறங்காது. மூன்று நாளைக்கு முன்னால் இதைத்தான் மைக் செட்காரருக்குப் பாடம் எடுத்திருந்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், மணிகளிலிருந்து புல்லை எடுத்துவிடுவார்கள். நான் சொல்லவில்லை. ஏன் என்றால், நன்றாக இருந்தது. ஏழு வருடம் இரும்பு அறைக்குள் ஒருவர் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருந்தவன், மத்தி மீனுக்காகக் கேலிக்கு ஆளானவன் நான். இன்றைக்கு ஓர் ஊரின் வாயையே என் காதுக்காகக் கட்டியிருக்கிறார்கள். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு தெப்பத்தில் ஏறும்போது கொஞ்சம் மெதுவாகவே ஏறினேன். எல்லாரும் பார்க்கட்டும் என்று.

டியூபை இறக்கினேன். ஏரிக்கு உள்ளே ஊமையாக இருக்கும் என்று நினைப்பவர்கள் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும். க்ரீச் க்ரீச் என்று பூச்சிகள். கெளுத்தி முள்ளைத் தேய்த்து, பழைய கதவு மாதிரி முனகியது. நூறு கண்கள் என் முதுகில் ஊர்ந்துகொண்டிருந்தன. கால் மணி நேரமாவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. ஏதாவது கேட்க வேண்டுமே, ஏதாவது கேட்க வேண்டுமே என்று நெஞ்சு அடித்ததே ஹெட்ஃபோனில் கேட்பதுபோல இருந்தது. அப்போது தென்பக்கக் கரையோரமாக அது வந்தது. கொதிக்கிற சோற்றுப் பானைபோலத் தளதளவென்று, நிற்காமல், பெரிதாக. அந்த இடத்தில் ஒரு மூங்கிலை நட்டுவிட்டுக் கையை உயர்த்தினேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஒரே காதை வைத்துக்கொண்டு தண்ணீருக்குள் திசை சொல்ல முடியாது. ஓட்டை என்றால் கயிற்றில் முடிச்சுப் போட்டு, கரையை முழம் முழமாக அளந்து, ஒவ்வொரு இடத்திலும் இறக்கிக் கேட்டு, சத்தம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். முக்கியமாக, தளதளப்பு வேறு, சீறல் வேறு. இவை எல்லாம் எனக்குத் தெரியும். கையை உயர்த்திய பிறகு ஞாபகம் வந்தது.

மூங்கிலுக்கு நேராக, சொதசொதப்புக்கு மேலே, கரையின் வெளிச்சரிவில் எட்டு ஆண்கள் வெட்ட இறங்கினார்கள். அதுவும் பேசாமல். மண்வெட்டிச் சத்தம் மட்டும். இடுப்பளவு போனது, தோளளவு போனது. வந்த மண் மாவுமாதிரி உலர்ந்திருந்தது. அந்தக் கரையிலேயே உருப்படியான இடம் எது என்று தேடி அங்கே ஓட்டை போட்டிருக்கிறேன். உச்சிவேளையில் மச்சான் குழிக்குள் இறங்கி, ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையில் பொடித்துப் பார்த்தார். மேலே நின்ற ஒரு நடுத்தர வயது அம்மா அப்போதுதான் ஊர்ப் பெரியவரைப் பார்த்து, இப்போதாவது பேசலாமா என்று சைகையில் கேட்டார். அவர் தலையசைத்தார்.

"அந்தக் கழிகிட்ட நான் கத்தாழை ஊறப்போட்டுக்கிறேன் சாமி" என்றார் அந்தம்மா. "கயிறு திரிக்கிறதுக்கு. ஒரு மாசமா அழுகுது, தளதளன்னு கொப்புளம் வுடும். காலையிலேர்ந்து மூணு வாட்டி சொல்ல வந்தேன். கம்முனு இருன்னுட்டாங்க."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

நான் உடனே பேச ஆரம்பித்தேன். பயத்தில் எனக்கு வாய் நன்றாக வேலை செய்யும். வெயில் ஏறினால் மேல்தண்ணீர் சூடாகிவிடும், அடித்தண்ணீர் குளிர்ந்தே கிடக்கும், இரண்டுக்கும் நடுவில் சத்தம் நேராகப் போகாமல் கீழ்நோக்கி வளையும், கடலிலேயே மத்தியானத்துக்கு மேல் சோனார் சரியாகக் கேட்காது, அதனால் நாளைக்கு விடியலில் வைத்துக்கொள்வோம் என்றேன். கடலுக்கு அது சத்தியமான உண்மை. நாலு ஆள் ஆழமுள்ள ஏரியில் நாலு முழத் தூரத்துக்கு அது ஒன்றும் செய்யாது. எனக்கு வேண்டியது விடியல் இல்லை. நாலு மணிக்குப் போளூருக்குப் போகும் பஸ். ஒரு நாளைக்கு ஒன்றுதான் உண்டு.

மைக் செட்காரர் ஒயரைச் சுருட்டிக்கொண்டே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "காத்துல பேசுறது தண்ணிக்குள்ள எறங்காதுன்னு நீதானேய்யா எனக்குச் சொன்னே" என்று மெதுவாகக் கேட்டார். "அப்புறம் எதுக்கு அந்த மாட்டு வாய்லகூடப் புல்ல வெச்சீங்க?" வாயில் இல்லை, மணியில்தான் என்று அவரைத் திருத்தினேன்.

பஸ் நிற்கும் புளியமரத்தடிக்குக் கால் மணி நேரம் முன்னதாகவே போய்விட்டேன். பஸ் மேலேயிருந்து திரும்பி வந்து நின்றிருந்தது. பையைக் கொண்டுபோய் ஜன்னலோர சீட்டில் வைத்துவிட்டு, ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே நின்றேன். மச்சான் வந்தார். திட்ட வருகிறார் என்று நினைத்தேன். அவருடைய கையில் ஒரு பொட்டலம் இருந்தது. வறுத்த வேர்க்கடலை. மத்தியானம் நான் சாப்பிடவில்லை என்பதைக் கவனித்திருக்கிறார். நான் ஓடிப்போகிறேன் என்பது பையில்லாத என் கையிலேயே தெரிந்திருக்கும். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, அவர் பாட்டுக்குத் தன்னையே குற்றம் சொல்ல ஆரம்பித்தார். காலையில் பேச்சை நிறுத்தியதோடு விட்டிருக்கக் கூடாது, மாடுகளையும் சேர்த்து ஊரைவிட்டே வெளியே அனுப்பியிருந்தால் மாப்பிள்ளைக்கு இன்னும் சுத்தமாகக் கேட்டிருக்கும், ஏற்பாட்டில் தன்னுடைய குறைதான் என்றார்.

பொட்டலத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

"மச்சான், கரைமேல எவ்ளோ கத்துனாலும் தண்ணிக்குள்ள கேக்காது" என்றேன். "ஊர வாய மூடச் சொன்னதே வேஸ்ட்டு. எனக்கு மொதல்லயே தெரியும்."

அவர் பார்வை பஸ்ஸின் டயருக்குப் போனது. "தெரிஞ்சிகினே கம்முனு இருந்தீங்களா?" என்று கேட்டார்.

இருந்தீங்களா. கல்யாணமான நாளிலிருந்து என்னை வா மாப்ள, போ மாப்ள என்றே கூப்பிட்ட மனிதர். அந்த 'ங்க'வில் மரியாதை என்று எதுவும் இல்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாளையும் போடுகிற சத்தம்தான் அதில் இருந்தது.

"எல்லாரும் என்னையே பாத்துகினு இருந்தாங்க மச்சான். நல்லா இருந்துச்சு" என்றேன். நல்ல பொய் ஒன்றை அந்த நேரத்துக்கு யோசிக்க முடியவில்லை.

கண்டக்டர் விசிலை ஊதினார். "போறதுன்னா போங்க. ஊருக்கு நான் சொல்லிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மச்சான் திரும்பி நடந்தார். சட்டையில் அந்த எண்ணெய் வட்டம் மண் ஒட்டிக் கறுத்துப்போயிருந்தது. படியில் ஒரு காலை வைத்தேன். ஊருக்கு இவர் என்ன சொல்வார் என்று யோசித்தேன். என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டார். பொய்யும் சொல்ல மாட்டார். நான்தான் பேச வேண்டாம் என்று சொன்னேன், தப்பு என்னுடையது என்பார். அது உண்மையும்கூட. வெள்ளிக்கிழமை கரையை வெட்டும்போது, தான் வாக்குக் கொடுத்த ஏரி வடிவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். பஸ் நகர்ந்தபோது நான் கீழே குதித்துவிட்டேன். இது வீரமில்லை. பஸ்ஸில் மூன்று மணி நேரம் தனியாக அந்தக் காட்சியோடு உட்கார்ந்து போக வேண்டும் என்கிற பயம். என் பை மட்டும் நல்லபடியாகப் போளூர் போய்ச் சேர்ந்தது.

வியாழக்கிழமை விடியலில் ஊர் மறுபடி கரைக்கு வந்தது, வாயை இறுக்கிக்கொண்டு. மச்சான் ஊர்ப் பெரியவரிடம் போகவில்லை. நேராக எல்லாருக்கும் நடுவில் நின்று, பேசலாம், பேசுவதால் ஒன்றும் கெட்டுப்போகாது, நேற்று வேண்டாம் என்று சொன்னது தன் தவறு என்று சொல்லிவிட்டு, "இந்தத் தண்ணிக்குள்ள யார் யார் இன்னா போட்டு வெச்சிக்கிறீங்களோ எல்லாத்தையும் சொல்லுங்க" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. நான் முன்னால் போய், பேசினால் உள்ளே கேட்காது என்று தெரிந்தும் நான் சொல்லவில்லை என்றேன். ஊர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தது. பிறகு மாட்டு மணிகளிலிருந்து புல்லைப் பிடுங்குகிற வேலையைப் பார்க்கப் போனது. அதைவிடப் பெரிய தண்டனை எனக்குத் தெரிந்து இல்லை.

அப்புறம் பேச்சு வந்தது பாருங்கள். ஒரு நாள் முழுக்க அடக்கிவைத்த பேச்சு. ஒருவர் மீன் பிடிக்கும் கூடையை மதகுப் பக்கம் இறக்கியிருந்தார், அதில் கெளுத்திகள் மாட்டி முனகிக்கொண்டிருந்தன. இன்னொருவர் ஏர் மேழிக்கு ஒரு மரத்தை ஊறப்போட்டு, அது மிதக்காமல் இருக்கக் கல்லைக் கட்டியிருந்தார், அலைக்கு அது கல்லில் இடித்துக்கொண்டிருந்தது. மைக் செட்காரர் தன் குழாய் ஸ்பீக்கரைக் கரையில் நட்டு ஒயரைக் கொடுத்தார். ஏரிக்குள் இருக்கும் சத்தமெல்லாம் ஊருக்கே கேட்டது. சாமிக்குப் பாட்டுப் போடும் குழாயில் கெளுத்தி முனகியதும் பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒருவர் வந்து, அது என்னுது, அது என்னுது என்றார்கள். சொந்தக்காரர் வந்ததும் அந்தப் பொருள் வெளியே எடுக்கப்பட்டது. அந்தம்மா கற்றாழைக் கட்டுகளைத் தண்ணீரிலிருந்து இழுத்துப் போட்டார். அந்த நாற்றத்தில் நான் குடல் வெளியே வர ஓங்கரித்தேன். "இன்னா சாமி, கப்பல்ல இந்த நாத்தம் கெடையாதா?" என்று கேட்டுக்கொண்டே அடுத்த கட்டுக்குப் போனார்.

கப்பலில் எனக்கு ஏழு வருடம் சொல்லிக்கொடுத்தது இதைத்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. புதுச் சத்தத்தைப் பிடிப்பது பிறகு. முதலில் தன் கப்பலின் சத்தம், மீனின் சத்தம், அலையின் சத்தம் என்று ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்துத் தள்ளிவைக்க வேண்டும். எல்லாவற்றையும் தள்ளிய பிறகு, பேரில்லாமல் ஒன்று மிச்சமிருந்தால் அதுதான். நான் தனியாகவே எல்லாவற்றுக்கும் பேர் வைக்கப் பார்த்தேன். இங்கே பேர் தெரிந்தவர்கள் கரையில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் வாயைத்தான் அடைத்து வைத்திருந்தேன்.

குழாய் பேட்டரியைத் தின்கிறது என்று மைக் செட்காரர் ஒயரைக் கழற்றிய பிறகு, முடிச்சுப் போட்ட கயிற்றைக் கரையோரமாகக் கட்டி, ஹெட்ஃபோனை மட்டும் மாட்டிக்கொண்டு முழம் முழமாகப் போனேன். வடபக்கம் பாதிக் கரை தாண்டியதும் மிச்சமிருந்தது வந்தது. தளதளப்பு இல்லை. பல்லிடுக்கில் காற்றை இழுக்கிறாற்போல மெல்லிய சீறல். முன்னால் ஒரு முழம் போனால் தேய்ந்தது. பின்னால் வந்தால் ஏறியது. ஆழத்தில் இன்னும் ஏறியது. மூன்று தடவை போனேன், வந்தேன். கையை உயர்த்தவில்லை. இங்கே முன்னால் என்ன இருந்தது என்று மட்டும் கேட்டேன். புங்க மரம் இருந்தது, தன் மூத்த பெண்ணின் கல்யாணத்துக்கு முந்தி வெட்டினார்கள், வேரைத் தோண்டாமல் விட்டுவிட்டார்கள் என்றார் அந்தம்மா. வேர் மக்கிப் போனால் மண்ணுக்குள் அதன் அளவுக்கு ஒரு குழாய் மிஞ்சும்.

மச்சான் ஒரு கூடைச் செம்மண்ணை நீரில் கரைக்கச் சொன்னார். நீண்ட மூங்கிலின் கணுவை உடைத்துக் குழாயாக்கி, சீறல் வரும் ஆழத்துக்கு அதை இறக்கி, செம்மண் கரைசலை அதன் வழியே ஊற்ற வேண்டும். ஓட்டை அங்கே இருந்தால் அது சிவப்பை உள்ளே இழுக்கும், கரைக்கு அந்தப் பக்கம் எங்கேயாவது சிவப்பு வரும். ஊற்றிவிட்டு ஓட்டையின் சத்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டு அவர் வெளிப்பக்கம் இறங்கிவிட்டார். கொள்ளுங்கள் என்றுதான் சொன்னார். ஊரில் பாதி அவர் பின்னால் போனது, பாதி கரைமேல் நின்றது.

ஊற்றினேன். ஹெட்ஃபோனில் சீறல். தெப்பத்தைச் சுற்றிக் கொஞ்சம் சிவப்பு படர்ந்து கலங்கியது. நேரம் போனது. ஒன்றுமில்லை. இன்னும் ஊற்றினேன். அந்தப் பழைய மத்தி மீன் கூட்டம் மறுபடி என் காலைச் சுற்றி நீந்துகிற மாதிரி இருந்தது. கரையைப் பார்த்தேன். திடீரென்று கரைமேல் நின்ற அத்தனை பேரும் கையைத் தூக்கிக்கொண்டு குதிக்கிறார்கள். வாய் திறந்து திறந்து மூடுகிறது. ஹெட்ஃபோன் காதை அடைத்திருந்ததால் எனக்கு ஒரு சொல்கூடக் கேட்கவில்லை, ஏரியின் சீறல் மட்டும். சிலர் கரையிலிருந்து கீழே ஓடுகிறார்கள். என் மூளை ஒரே ஒரு முடிவுக்கு வந்தது. நேற்று நான் வெட்டிய குழி. கரை பிளந்துவிட்டது. யோசிக்கவில்லை. ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஏரிக்குள் குதித்தேன்.

உள்ளே போனதும் எல்லாக் கூச்சலும் கத்தரித்ததுபோல நின்றது. பச்சை இருட்டு. ஒயரும் இல்லை, எண்ணெயும் இல்லை, வெறும் காதில் அந்தச் சீறல் கேட்டது. எந்தப் பக்கமிருந்து என்று சொல்ல முடியாது. தண்ணீருக்குள் சத்தம் இரண்டு காதையும் ஒரே நேரத்தில் வந்து தொடுவதால் மண்டைக்கு நடுவிலிருந்து வருவதுபோல இருக்கும். ஓட்டை இருக்கிறது, இங்கேதான் இருக்கிறது, நான் சொன்னது சரி, ஆனால் கரை உடைந்துவிட்டது என்று அழுகையே வந்துவிட்டது. மூச்சு முட்டி மேலே வந்தேன். கூச்சல் மறுபடி காதில் கொட்டியது. வெளிப்பக்கத்திலிருந்து ஓடிவந்த மச்சான் பேண்ட்டோடும் அந்த எண்ணெய்ச் சட்டையோடும் கரையோரத் தண்ணீரில் கழுத்து வரைக்கும் இறங்கி, தெப்பத்தின் கயிற்றை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையை என் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார்.

"செவப்பு வந்துடுச்சு மாப்ள" என்றார். "ரெண்டு எடத்துல வருது. அதுக்குத்தான் கத்துறாங்க. நீ இன்னாத்துக்குக் குதிச்ச?"

"கரை ஒடைஞ்சிடுச்சுன்னு நெனச்சேன்."

அவர் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து இழுத்தார். "ஒடைஞ்சா ஏரிக்குள்ளவா குதிப்பாங்க?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருந்தார். யோசித்துத்தான் குதித்திருப்பேன் என்று நம்பினார், அப்போதும்.